பாக் விரிகுடாவில் தூண்டில் போட எந்தச் சிறு படகு வாங்கலாம்?

கேட்டவர் ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் என்ற ஊரின் வடகரையிலிருந்து, அதாவது பாக் விரிகுடா பக்கமிருந்து, தூண்டில் போடப் போகிறவர். 14 அடி நீளம், 4 அடி அகலம், அடிப்பாகம் தட்டையான ஃபைபர் படகு வைத்திருக்கிறார். காற்று எழுந்தால் படகு ஆடுவது பயமாக இருக்கிறது, இதைவிட நிலையான சிறு படகு எது என்று கேட்கிறார்.

ஏறக்குறைய இதே படகை வைத்துக்கொண்டு அதே வடகடலில் நான்கு வருடம் போனவன் நான். அந்த பயம் எனக்கும் தெரியும்.

முதலில் அந்தக் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், பெரும்பாலான இடங்களில் 15 மீட்டரைத் தாண்டாது. ஐப்பசி, கார்த்திகையில் வாடை (வடக்கிலிருந்து வரும் காற்று) அடிக்கும்போது அங்கே எழும் அலை உயரமாக இருக்காது, ஆனால் நெருக்கமாக வரும். மூன்று விநாடிக்கு ஓர் அலை என்றால் இரண்டு முகடுகளுக்கு நடுவே சுமார் 14 மீட்டர்தான். ஒன்றில் ஏறி இறங்கி படகு நிமிர்வதற்குள் அடுத்தது வந்து நிற்கும். படகைத் தேர்ந்தெடுக்கும்போது இந்த நெருக்கத்தைத்தான் மனதில் வைக்க வேண்டும்.

கரையில் கட்டியிருக்கும் படகில் ஏறி நின்று, 'அசையவே இல்லையே, இதுதான் நல்ல படகு' என்று முடிவு செய்வதுதான் எல்லோரும் செய்வது. நானும் அப்படித்தான் வாங்கினேன். தட்டை அடிப் படகு அமைதியான தண்ணீரில் பாய் விரித்த மாதிரி கிடக்கும். ஆனால் அது தண்ணீர்ப் பரப்போடு ஒட்டியே இருக்கப் பார்க்கும். அலையின் சரிவு சாய்ந்தால் அதுவும் வெடுக்கென்று சாயும். எதிர் அலையில் அடிப்பலகை மடார் மடாரென்று அறையும். கொஞ்சம் சாயும் வரை உறுதியாக எதிர்க்கும். விளிம்பு தண்ணீரைத் தொட்டுவிட்டால் அப்புறம் தடுக்க ஒன்றுமில்லை. அடி V வடிவில் இருக்கும் படகு நிற்கும்போது ஆடத்தான் செய்யும். ஆனால் பக்கச்சுவர் உயரமாக, மேலே போகப்போக விரிந்து இருந்தால், சாயச்சாய அதன் எதிர்ப்பு கூடும். பக்கத்து வீட்டு மீனவர் ஒருவர் அப்போதே எனக்குச் சொன்னார்: "தம்பி, படகு ஆடட்டும். ஆடி முடிச்சு நிமிருதான்னு பாருங்க."

அகலம் மிக முக்கியம். படகு சாய்வதை எதிர்க்கும் பலம் அகலத்தின் மும்மடிக்கு (அகலம் × அகலம் × அகலம்) ஏற்பக் கூடும். 4 அடியை 5 அடியாக்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு, 6 அடியாக்கினால் மூன்று மடங்குக்கு மேல். நீளம் கூடினால் இவ்வளவு பலன் இல்லை. ஆனால் எதிர் அலையில் தலை குத்தாமல் போக நீளமும் வேண்டும்.

அதனால் என் பரிந்துரை இது: 18 அடி நீளம், 6 அடி அகலம், அணியம் (முன்பக்கம்) கூர்மையாக V வடிவில், அமரத்துக்கு (பின்பக்கத்துக்கு) வரவரக் கொஞ்சம் தட்டையாகும் அடிப்பாகம், தண்ணீருக்கு மேல் இரண்டடிக்குக் குறையாத பக்கச்சுவர். இருக்கைகளுக்குக் கீழே நுரை அடைத்த அறைகள் கட்டாயம் இருக்க வேண்டும். தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காத படகைப் பிடித்துக்கொண்டு ஆள் பிழைக்கலாம். அந்தக் காலக் கட்டுமரத்தின் பலமும் அதுதான், தண்ணீர் ஏறும், வழிந்து போகும், மரம் மிதக்கும்.

பின்பக்கச் சுவரின் உயரத்தை அவசியம் பாருங்கள். வாடைக் காலத்தில் நீங்கள் எதிர் அலையில் போய், பின் அலையில் திரும்புவீர்கள். எனக்கு பயங்கரமான அனுபவம் திரும்பும்போதுதான் வந்தது. இன்ஜின், பெட்ரோல் கேன், ஐஸ் பெட்டி எல்லாம் அமரத்தில். பின்னால் வந்த அலை சுவரைத் தாண்டி உள்ளே விழுந்தது. உங்கள் படகின் அளவில் நான்கு அங்குலம் தண்ணீர் நின்றால் ஏறக்குறைய முந்நூறு கிலோ. அதுவும் ஓரிடத்தில் நிற்காது, படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். வாளியால் இறைத்து இறைத்துக் கரை சேர்ந்தோம். அன்றிலிருந்து ஐஸ் பெட்டி நடுவில், தரையோடு தரையாகத்தான்.

இதைப் புதுப் படகு வரும்வரை காத்திருக்காமல் இன்றே செய்யலாம். கனமானதை எல்லாம் கீழே, நடுவில் வையுங்கள். மீன் மாட்டினால் எழுந்து நிற்காதீர்கள். பாக் விரிகுடாவில் முன்பு பாய்மரப் படகு ஓட்டியவர்கள் படகுக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகையை நீட்டி, காற்று வரும் பக்கம் அதன் நுனியில் ஆள் உட்கார்ந்து படகை நிமிர்த்துவார்கள். ஆள் எடை எங்கே இருக்கிறது என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

வாங்கும் முன் ஒரே ஒரு சோதனை. இரண்டு பேரை ஒரே ஓரத்தில் உட்காரச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு முழமாவது மிச்சம் இருக்க வேண்டும். பிறகு காற்று உள்ள ஒரு பிற்பகலில் ஓட்டிப் பாருங்கள். காலையில் ஓட்டிக் காட்டுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பழைய படகை விற்க வேண்டியதில்லை. ஆனி, ஆடியில் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும்போது மண்டபத்தின் வடகரை குளம் போல் இருக்கும், அப்போது அது போதும். ஒன்று மட்டும்: அந்த நேரத்துக் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும். இன்ஜின் நின்றால் படகு மெல்ல வடக்கே போய்க்கொண்டே இருக்கும், போகப்போக அலையும் பெரிதாகும். நங்கூரமும் 50 மீட்டர் கயிறும் இல்லாமல் கிளம்பாதீர்கள். ஆழம் குறைவு என்பதால் அங்கே எங்கு போட்டாலும் தரை தட்டும்.