பெரிய டர்போ, சின்ன டர்போ: கடையில் சொல்லும் ஜோடியை வாங்கலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். என்னிடம் உள்ள 1997ஆம் ஆண்டு டாட்ஜ் ராம் 2500 டிரக்கில் 5.9 லிட்டர், 12 வால்வு கம்மின்ஸ் டீசல் எஞ்சினும் மேனுவல் கியரும் இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு முறை 4 டன் டிரெய்லரை இழுத்துக்கொண்டு கொலராடோ மலைகளுக்குப் போய் வருகிறேன். 600 குதிரைத்திறன் எடுக்க வேண்டும் என்பது என் எண்ணம். பம்பு, இன்ஜெக்டர் வேலைகளை முடித்துவிட்டேன். எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தரும் டர்போக்கள் இரண்டை அடுத்தடுத்து மாட்டும் காம்பவுண்ட் முறைக்கு, 66 மி.மீ., 80 மி.மீ. கம்ப்ரஸர் (காற்றை அழுத்தும்) சக்கரங்கள் கொண்ட ஜோடியை ஒரு கடையில் சிபாரிசு செய்கிறார்கள். 1,000 குதிரைத்திறன் வரை போதும் என்றும், வண்டியோடு வந்த ஹோல்செட் எச்எக்ஸ்35 டர்போவைக் கழற்றிக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வதாகவும் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த ஜோடியை வாங்க வேண்டாம். உங்கள் எச்எக்ஸ்35 நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றிக் கொடுக்கவும் வேண்டாம். உங்கள் தேவைக்கான சின்ன டர்போ அதுவேதான்.

காரணம் கணக்கில் இருக்கிறது. காம்பவுண்ட் அமைப்பில் பெரிய டர்போ வெளிக்காற்றை இழுத்து அழுத்திச் சின்ன டர்போவிடம் கொடுக்க, சின்னது அதை மறுபடியும் அழுத்துகிறது. ஆகவே இரண்டின் அழுத்த விகிதங்களும் கூடுவதில்லை, பெருகுகின்றன. பெரியது 2.2 மடங்கும் சின்னது 2 மடங்கும் அழுத்தினால் மொத்தம் 4.4 மடங்கு, கடல் மட்டத்தில் இது ஏறத்தாழ 50 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 50 பவுண்டு) பூஸ்ட், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கு மேல் கிடைக்கும் கூடுதல் அழுத்தம். உங்கள் எஞ்சின் 3,000 சுற்றில் இந்த அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 80 பவுண்டு காற்றை விழுங்கும். ஒரு பங்கு டீசலுக்கு 20 பங்கு காற்று என்று வைத்தால், 600 குதிரைத்திறனுக்குத் தேவையான காற்றும் அதே அளவுதான். 75 மி.மீ. கம்ப்ரஸர் கொண்ட போர்க்வார்னர் எஸ்475 போன்ற ஒன்று பெரிய டர்போவாக இருந்தால் இதைச் சிரமமின்றித் தரும்.

'எச்எக்ஸ்35இன் 54 மி.மீ. சக்கரத்தால் 80 பவுண்டு காற்றைத் தள்ள முடியாதே' என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். தனியாக ஓடும்போது அது உண்மைதான். ஆனால் இங்கே அதன் வாய்க்கு வரும் காற்று ஏற்கெனவே 2.2 மடங்கு அழுத்தப்பட்டது. அழுத்தியதில் ஏறிய சூட்டையும் கணக்கில் சேர்த்தால், அந்த 80 பவுண்டு காற்று சின்ன டர்போவுக்கு வெறும் 42 பவுண்டாகத்தான் தெரியும். எவ்வளவு காற்றை எத்தனை மடங்கு அழுத்தும் என்று காட்டும் கம்ப்ரஸர் வரைபடத்தைப் பார்க்கும்போது சின்ன டர்போவை இந்தத் திருத்திய எண்ணை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும். விளம்பரத்தில் குதிரைத்திறனை மட்டும் அச்சிட்டு, வரைபடத்தைக் கேட்டால் மழுப்புகிற கடையில் நான் டர்போ வாங்க மாட்டேன்.

66 மி.மீ. சக்கரத்தைச் சின்ன டர்போவாக வைத்தால் என்ன ஆகும்? டிரெய்லரோடு சிக்னலில் நின்று கிளம்பும்போது அது சுழல ஆரம்பிக்கவே நேரமெடுக்கும். அதுவரை டீசல் மட்டும் போய்க் கரும்புகையாக வெளியேறும், எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். இழுவைப் பந்தயத்தில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓடுகிறவருக்கு அது பொருட்டல்ல. சுமை இழுக்கிற உங்களுக்கோ தாழ்ந்த சுற்றில் கிடைக்கும் பூஸ்ட்தான் முக்கியம்.

உங்களுக்குக் காம்பவுண்ட் அமைப்பே தேவையா என்றால், மலைப்பயணத்தை நினைத்துத் தேவை என்றே சொல்வேன். கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஹூஸ்டனில் 30 பி.எஸ்.ஐ. பூஸ்டுக்கு 3 மடங்கு அழுத்தினால் போதும். அந்தச் சுரங்கத்தின் வாயிலில் அதே 30க்கு 4 மடங்குக்கு மேல் அழுத்த வேண்டும். ஒற்றை டர்போவாக இருந்தால் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று பாழாகும் இடம் அதுதான். இரண்டு டர்போக்கள் சுமையைப் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றும் 2 மடங்குக்குச் சற்று மேல் அழுத்தினாலே போதும்.

சின்ன டர்போவுக்காகச் செலவாகாத பணத்தை வேஸ்ட்கேட்டில், அதாவது மிகுதியான எக்ஸாஸ்ட் புகையை டர்பைனுக்குள் (புகையால் சுழலும் சக்கரத்துக்குள்) போகாமல் திருப்பிவிடும் வால்வில் போடுங்கள். எச்எக்ஸ்35இன் உள்ளேயே இருக்கும் வேஸ்ட்கேட் இந்த அளவு புகைக்குப் போதாது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து சின்ன டர்பைனைச் சுற்றிக்கொண்டு, பெரிய டர்பைனின் வாயில் போய்ச் சேரும் தனி வேஸ்ட்கேட் ஒன்று அவசியம். அதை வெளிக்காற்றில் திறந்துவிடும் அமைப்பை விற்றால் வாங்காதீர்கள். பெரிய டர்போவைச் சுழற்ற வேண்டிய புகையை வீணாக்கும் வேலை அது. பூஸ்ட் மீட்டரோடு மேனிஃபோல்டு அழுத்தத்துக்கும் ஒரு மீட்டர் மாட்டிக்கொள்ளுங்கள். புகையின் அழுத்தம் பூஸ்ட் அளவை ஒட்டியே இருந்தால் பொருத்தம் சரி. ஒன்றரை, இரண்டு மடங்காக ஏறினால் சின்ன டர்பைன் திணறுகிறது என்று பொருள்.

பட்ஜெட்டில் ஹெட் ஸ்டட்களையும் (சிலிண்டர் ஹெட்டை போல்ட்டுகளுக்குப் பதிலாக இறுக்கிப் பிடிப்பவை) விறைப்பான வால்வு ஸ்பிரிங்குகளையும் சேர்த்திருக்கிறீர்களா என்று தெரியவில்லை. மேனுவல் கியரோடு 215 குதிரைத்திறனுக்கு வடிவமைத்த எஞ்சின் இது. பழைய போல்ட்டுகளோடு 50 பி.எஸ்.ஐ. கொடுத்தால் முதலில் போவது ஹெட் கேஸ்கெட். டர்போவை அடுத்த மாதம் வாங்கினாலும் ஸ்டட்களை இந்த மாதமே வாங்குங்கள்.

பெரிய டர்போ எங்கே உட்காரும் என்பதையும் கடையில் கேளுங்கள். அதிலிருந்து வழியும் ஆயில் பம்பு எதுவும் இல்லாமல் தானாகவே சம்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு) இறங்க வேண்டும். டர்போவைத் தாழ்வாக மாட்டி, வடிகுழாயை வளைத்து நெளித்து விட்டால் ஆயில் தேங்கி, சீலைத் தாண்டிக் கசியும். பிறகு டர்போவே பழுது என்று கடையோடு சண்டை போடுவீர்கள். மாட்டிய விதம் தவறு என்று உத்தரவாதத்தை மறுப்பார்கள், அதில் அவர்கள் பக்கம் நியாயமும் இருக்கும். இரண்டு டர்போக்களுக்கும் இடையிலான காற்று 120 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடாகும் என்பதால், அந்த இணைப்பு உலோகக் குழாயாக இருக்கட்டும்; மூட்டுகளில் மட்டும் தரமான சிலிக்கான் ஹோஸ் போதும்.

கேள்வி: எஸ்475 என்றே பெயர் போட்டு இணையத்தில் பாதி விலைக்கு ஒன்று கிடைக்கிறது. எடுக்கலாமா?

பதில்: போர்க்வார்னரின் பெயர்த்தகடும் பாக எண்ணும் படத்தில் தெரிகிறதா என்று பாருங்கள், அந்த எண்ணை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் சொல்லிச் சரிபாருங்கள். 'அதே அளவு', 'அதற்கு இணை' என்று எழுதியிருந்தால் அது நகல்தான். நகல் டர்போவின் சக்கரம் உடைந்தால் அந்தத் துண்டுகள் பெரிய டர்போவோடு நிற்காது. அடுத்து சின்ன டர்போ காத்திருக்கிறது. பழைய அசல் ஒன்று கிடைத்தால் நகலைவிட அதையே விரும்புவேன். ஆயில் இல்லாமல் கையால் அசைக்கும்போது தண்டு பக்கவாட்டில் சற்று ஆடுவது இயல்பு. முன்னும் பின்னுமாக ஆடுவது தெரிந்தாலோ, சக்கரம் கூட்டின் சுவரில் உரசிய தடம் இருந்தாலோ விட்டுவிடுங்கள்.