மாடி அறைக்கு வயரா, வைஃபையா?

கேள்வி: கீழே ஹாலில் ஃபைபர் இணைப்பு, 100 எம்பிபிஎஸ் திட்டம். ஹாலில் குறையே இல்லை. மாடி அறையில் மகன் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறான். வீடியோ கால் விட்டு விட்டுத்தான் வருகிறது. வயர் ரவுட்டர் வாங்குவதா, விலை கூடின வைஃபை ரவுட்டர் வாங்குவதா, ரிப்பீட்டர் போதுமா? – வாசகர், மதுரை

பதில்: முதலில் இப்போதிருக்கும் ரவுட்டரின் முதுகைப் பாருங்கள். இரண்டோ நான்கோ லேன் போர்ட் (கேபிள் செருகும் துளை) இருக்கும். வைஃபை ரவுட்டர் என்று விற்பதெல்லாம் வயர் ரவுட்டரும்தான். வைஃபையே இல்லாதவை பெரும்பாலும் அலுவலகங்களுக்கானவை. வீட்டுக்கு வாங்கினால் போனுக்கென்று தனியாக ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை பரப்பும் பெட்டி) வாங்க வேண்டிவரும். ஆகவே புது ரவுட்டர் பேச்சை இப்போதைக்கு விடுங்கள்.

வீடியோ காலுக்கு 4 எம்பிபிஎஸ் தாராளம். உங்களுக்குக் குறைவது வேகம் அல்ல, சீர். 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை காங்கிரீட் தளத்தைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும். 2.4 தாண்டும், ஆனால் அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் அங்கேதான் மொய்க்கின்றன. ஒன்றின் மேல் ஒன்று விழாமல் அதில் கிடைப்பவை 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள்தான். விலை கூடின ரவுட்டர் வாங்கினாலும் தளம் அதே தளம்தான்.

ரிப்பீட்டர் வேண்டாம். சாதாரண ரிப்பீட்டர் ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகும். போதாததற்கு, சிக்னல் செத்த அறையிலேயே அதைச் செருகி வைக்கிறார்கள். செத்த சிக்னலை வாங்கி அது எதை அனுப்பும்?

கீழிருந்து மாடிக்கு ஒரு கேட் 6 ரக லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். 100 மீட்டர் வரை தாங்கும். வீட்டுக்கு 20, 25 மீட்டரே அதிகம். லேப்டாப்பில் நேராக மாட்டலாம். லேன் போர்ட் இல்லாத லேப்டாப் என்றால் யுஎஸ்பி 3 ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) அடாப்டர் வாங்குங்கள்.

மாடியில் போனுக்கும் வைஃபை வேண்டுமென்றால், பரணில் கிடக்கும் பழைய ரவுட்டர் போதும். முதலில் அதைத் தனியாக லேப்டாப்பில் இணைத்து, அதன் முகவரியை 192.168.1.2 என மாற்றுங்கள் (கீழே உள்ளது 192.168.1.1 என்றால்). அடுத்து டிஎச்சிபி-யை (இணையும் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வசதி) அணையுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் கீழே உள்ளதே இருக்கட்டும், 2.4 ஜிகாஹெர்ட்ஸில் கீழ் ரவுட்டருக்குச் சேனல் 1, மாடி ரவுட்டருக்கு 11. கடைசியாகக் கீழிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட்டில் செருகுங்கள், வான் (WAN, வெளியிலிருந்து இணையம் வரும்) போர்ட்டில் அல்ல. பலரும் சறுக்குவது டிஎச்சிபி-யில். அதை அணைக்காமல் விட்டால் இரண்டு பெட்டிகளும் போட்டி போட்டு முகவரி கொடுக்கும். போனில் வைஃபை முழுக்கோடு காட்டும், இணையம் மட்டும் வராது.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் திட்டம். கேபிளில் மாட்டியும் 95-ஐத் தாண்டவில்லை. வைஃபையில் 200-க்கு மேல் வருகிறது! – வாசகர், கோவை

பதில்: அந்த 95-தான் துப்பு. இணைப்பு 100 எம்பிபிஎஸ்ஸில் நிற்கிறது என்று அர்த்தம். மிச்சம் 5 தரவுப் பொட்டலங்களின் மேலுறைக்குப் போய்விடும். விண்டோஸில் நெட்வொர்க் அமைப்பில் ஈதர்நெட்டைத் திறந்து இணைப்பு வேகத்தைப் பாருங்கள். 100/100 என்று இருந்தால் மூன்றில் ஒன்று. ரவுட்டரின் லேன் போர்ட்டோ லேப்டாப்பின் போர்ட்டோ 100-க்கு மேல் போகாத ரகமாக இருக்கலாம். ஆபரேட்டர்கள் தரும் சில பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டுமே ஜிகாபிட், அதற்கு மாற்றிப் பாருங்கள். இல்லையென்றால் கேபிள்.

கேபிளுக்குள் எட்டு இழை. 100-க்கு 1, 2, 3, 6 என்ற நான்கு இழை போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் உயிரோடு இருக்க வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். அதனால்தான் யாரும் கண்டுபிடிப்பதில்லை. இரு முனையையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் (பிளக்கில் அழுத்திப் பொருத்தச்) சொல்லுங்கள். வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன். முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கக் கூடாது.

வெட்டிய துண்டில் ஒரு இழையை பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் சரி. வெள்ளி போல் மின்னினால் செம்பு பூசிய அலுமினியம். இரண்டு தரம் மடக்கினால் ஒடியும். விலை குறைவு என்று கடையில் நீட்டுவது பெரும்பாலும் அதுதான்.

கேள்வி: கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே லேன் கேபிளையும் விடலாமா? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. மின் வயரின் உறை உரசிக் கிழிந்தால் 230 வோல்ட் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் வந்துவிடும். தனி பைப் போடுங்கள். வெளிச்சுவரில் போவதானால் வெயில் தாங்கும் கறுப்பு உறை கேபிள். பக்கத்து வீட்டுக்குச் செம்புக் கேபிளை வானத்தில் கட்டாதீர்கள். ஒரு இடி போதும், இரு பக்கத்து போர்ட்டும் போய்விடும். அங்கே ஃபைபர்தான்.

கேள்வி: கரண்ட் போனாலும் நெட் வேண்டும். மினி யுபிஎஸ் எது? – வாசகர், சேலம்

பதில்: அடாப்டரில் அச்சிட்ட வோல்ட்டைப் பாருங்கள். 12 வோல்ட் என்றால் 12 வோல்ட் யுபிஎஸ், 9 என்றால் 9. ஆம்பியர் கூடலாம், குறையக் கூடாது. ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்றால் இரண்டுக்கும் வேண்டும். ஒன்று மட்டும் எரிந்து பயனில்லை.