பெயரை எடுத்தாச்சு, லிங்க் ஏன் இன்னும் திறக்கிறது?

கேள்வி: வாடகை வீடு தேடியபோது, ஏஜெண்ட் கேட்டார் என்று பாஸ்போர்ட், எம்ப்ளாய்மெண்ட் பாஸ், மூன்று மாதச் சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கூகுள் டிரைவில் ஒரே ஃபோல்டரில் போட்டு அனுப்பினேன். “ஓப்பன் ஆகலைம்மா, எல்லாருக்கும் திறந்து விடுங்க” என்றார். அப்படியே செய்தேன். வீடு அமையவில்லை. ஏஜெண்டின் மின்னஞ்சலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். ஆனாலும் அந்த லிங்க் என் தங்கை போனில் திறக்கிறது. யாரெல்லாம் பார்த்திருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியுமா? (வாசகி, ஈசூன், சிங்கப்பூர்)

பதில்: முடியாது. சாதாரண ஜிமெயில் கணக்கில் யார் திறந்து பார்த்தார்கள் என்ற பட்டியல் கிடைக்காது. அதனால் அந்தக் கவலையை விட்டுவிட்டு, இனிமேல் யாரும் பார்க்காதபடி மூடுகிற வேலையைப் பார்ப்போம்.

‘ஷேர்’ என்பதைத் தொட்டால் வரும் பெட்டியில் இரண்டு பகுதிகள் இருக்கும். மேலே பெயர்கள். கீழே ‘ஜெனரல் ஆக்சஸ்’ என்று ஒரு வரி. நீங்கள் மேலே இருந்த ஒரு பெயரை எடுத்தீர்கள். கீழ் வரி ‘எனிஒன் வித் த லிங்க்’ என்றே இருக்கிறது. வாசல் கதவைத் திறந்து வைத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரை மட்டும் அடித்த மாதிரி. லிங்க் கையில் இருக்கும் யாருக்கும் கணக்கு வேண்டாம், பெயர் வேண்டாம், உங்கள் அனுமதியும் வேண்டாம். ஏஜெண்ட் அதை வீட்டுக்காரருக்கு அனுப்பியிருப்பார், வீட்டுக்காரர் தன் மகனுக்கு, இன்னொரு ஏஜெண்ட் தங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு. போகிற இடமெல்லாம் அது திறக்கும்.

கீழ் வரியை ‘ரெஸ்ட்ரிக்டட்’ என்று மாற்றுங்கள். முதலில் ஃபோல்டரில், பிறகு உள்ளே இருக்கும் ஒவ்வொரு கோப்பிலும். ஏதாவது ஒரு கோப்பைத் தனியாகத் திறந்துவிட்டிருந்தால், ஃபோல்டரை மூடினாலும் அது திறந்தே கிடக்கும். மேலே உள்ள பெயர்களையும் ஒரு முறை படியுங்கள். ‘எடிட்டர்’ என்று யாருக்காவது கொடுத்திருந்தால், அவர் உங்களைக் கேட்காமலே இன்னொருவரைச் சேர்த்திருக்கலாம். முடித்ததும் பிரவுசரில், எந்தக் கணக்கும் லாகின் ஆகாத ‘இன்காக்னிட்டோ’ பக்கம் திறந்து லிங்க்கை ஒட்டிப் பாருங்கள். லாகின் கேட்டால் மூடியாயிற்று. தங்கை போனில் சோதிப்பது சரிப்படாது. அதில் உங்கள் கணக்கே உள்ளே நுழைந்து கிடக்கலாம்.

‘டெலிட் பண்ணிட்டேன், போச்சு’ என்று நிறையப் பேர் நிம்மதியாக இருக்கிறார்கள். போகவில்லை. அழித்த கோப்பு 30 நாள் ‘டிராஷில்’ கிடக்கும். அங்கிருந்தும் நீங்களே நிரந்தரமாக அழிக்கும்வரை, நீங்கள் பகிர்ந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அதே போல, இன்று மூடிய கோப்பை அடுத்த மாதம் வேறொரு ஏஜெண்டுக்காகத் திறந்தால் அதே பழைய லிங்க் உயிர்பெறும். பழைய ஆள்களுக்கும் சேர்த்துத்தான். புது ஆளுக்குப் புதுக் கோப்பாகவே ஏற்றுங்கள். ஏற்கெனவே தங்கள் பக்கம் பிரதி எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து எதையும் திரும்பப் பிடுங்க முடியாது. டவுன்லோடைத் தடுக்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் திரையைப் படம் பிடிப்பதை அது தடுக்காது.

இனி அந்த ஏஜெண்ட் விஷயம். ‘ஓப்பன் ஆகலை’ என்பது என் காதுக்குப் புளித்துப்போன வசனம். நீங்கள் சேர்த்த முகவரி ஒன்று, அவர் போனில் லாகின் ஆகியிருக்கும் கணக்கு வேறொன்று. பெரும்பாலும் கோளாறு அவ்வளவுதான். ‘எந்த ஜிமெயிலில் திறக்கிறீர்கள்?’ என்று ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும். அதைக் கேட்கச் சோம்பல்பட்டு ஒருவருடைய பாஸ்போர்ட்டை ஊருக்கே திறந்துவிடச் சொல்கிறார்கள். வீட்டைப் பார்ப்பதற்கு முன்பே முழு ஆவணமும் கேட்பவர்களிடம் இன்னும் எச்சரிக்கையாக இருங்கள். முதலில் சொத்து முகவர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான சிஇஏவின் பொதுப் பதிவேட்டில் அவர் பெயரும் கைத்தொலைபேசி எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு வாடகைக்காக ‘முன்பணத்தை என்னிடமே கொடுங்கள்’ என்று ஏஜெண்ட் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். அந்தப் பணத்தைக் கையில் வாங்க அவருக்கு அனுமதியே கிடையாது. மோசடியோ என்று சந்தேகம் வந்தால் 1799 என்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

அதற்காக யாருக்கும் எதையும் காட்ட மாட்டேன் என்று நிற்கவும் முடியாது. வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் மூன்று சோதனைகள் செய்தாக வேண்டும்: பாஸின் அசலைப் பார்ப்பது, அதைப் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவது, மனிதவள அமைச்சிடமோ குடிநுழைவு ஆணையத்திடமோ அது செல்லுபடியாகிறதா என்று உறுதிசெய்வது. சட்டவிரோதக் குடியேறியை வைத்திருந்தால் மாட்டிக்கொள்வது அவர்தான், அதனால் அவர் கேட்பது நியாயம். ஆனால் அசல் என்றால் அசல். நேரில், கையில் கொடுத்து, கண்முன் பார்த்துத் திரும்ப வாங்க வேண்டியது. ஏஜெண்டின் வாட்ஸ்அப்பில் கிடக்கும் படத்தைப் பார்த்து இந்தச் சோதனை நிறைவேறாது. ஒப்பந்தம் போடும்போது முத்திரை வரிக்கு உங்கள் அடையாள எண் தேவைப்படும், அதுவும் உண்மை. அந்தக் கட்டம் வரும்போது கொடுங்கள். வீட்டையே இன்னும் பார்க்காதபோது அதற்கு அவசரம் என்ன?

சம்பளச் சீட்டு வீட்டுக்காரரின் மன நிம்மதிக்குக் கேட்பது. கொடுப்பதானால் வங்கிக் கணக்கு எண்ணை மறையுங்கள். போனில் ஹைலைட்டர் பேனாவால் அடித்தால் வெளிச்சத்தைக் கூட்டினதும் எழுத்து தெரியும். கெட்டியான கறுப்புக் கட்டம் போட்டு, அதை மறுபடி படம் பிடித்து அந்தப் படத்தை அனுப்புங்கள். பாஸ்போர்ட் பிரதி என்றால் குறுக்கே ‘இந்த வீட்டு வாடகைக்கு மட்டும்’ என்று முகவரியும் தேதியும் போட்டு எழுதுங்கள்.

சிங்பாஸ், மைஇன்ஃபோ என்று அரசாங்கத்தின் மின்னிலக்க அடையாளச் சேவைகளை வைத்திருக்கிற ஊரில், வாடகைக்கு ஓர் அறை பிடிக்க இன்னும் பாஸ்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்கிறோமே என்று எனக்கு எரிச்சலாக வருகிறது. தேவையில்லாமல் அடையாள அட்டை எண் வாங்கக்கூடாது என்று நிறுவனங்களுக்கான வழிகாட்டி 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. 2024 டிசம்பரில் அரசாங்கத்தின் நிறுவனப் பதிவுத் தளமான பிஸ்ஃபைலில் முழு அடையாள அட்டை எண்களும் தேடினால் வருகின்றன என்று ஊரே கொதித்தது. இத்தனைக்குப் பிறகும் ‘ஐசி காப்பி அனுப்புங்க’ என்ற பேச்சு ஓயவில்லை.

உங்களுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏஜெண்டுக்கு எழுத்தில் அனுப்புங்கள்: ‘வாடகை முடிவாகவில்லை. என் ஆவணங்களை வைத்திருக்க நான் தந்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன். உங்களிடமும் நீங்கள் அனுப்பியவர்களிடமும் உள்ள பிரதிகளை அழித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.’ தேவை முடிந்த பிறகு தரவை வைத்திருக்கக்கூடாது என்பது சட்டம். பதில் வராவிட்டால் அவர் சார்ந்த நிறுவனத்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். நிறுவனம் ஒவ்வொன்றும் அப்படி ஒருவரை நியமித்திருக்க வேண்டும், தொடர்பு விவரத்தையும் வெளியிட்டிருக்க வேண்டும். அவரும் வாய் திறக்காவிட்டால், எழுதியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் கொடுங்கள்.