பனித்திருகுக்குக் கூர் தீட்டுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எந்த அரம் வாங்குவது?

பதில்: பனிச்சுவர் ஏறுவோர் பாதுகாப்புக்காகப் பனிக்கட்டியில் திருகி இறக்கும், நுனியில் நான்கு பற்கள் கொண்ட குழாய்தான் பனித்திருகு. அதைத் தீட்ட நுண்பற்கள் கொண்ட சிறிய தட்டை அரம் ஒன்றும், குழாயின் உட்புறப் பிசிறை நீக்க வட்ட அரம் ஒன்றும் போதும். தள்ளும்போது மட்டும் அரத்தை அழுத்துங்கள், திரும்பும்போது தூக்கிவிடுங்கள்.

கேள்வி: என் திருகு சரியாக இறங்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: பாறையில் இடித்ததா, நாளடைவில் தேய்ந்ததா, பழுதானது ஒரு பல்லா அல்லது நான்குமா என்பதில் ஒன்றையும் எழுதாமல் தீர்வு கேட்டால் நான் சோதிடம்தான் பார்க்க வேண்டும். பல்லின் சரிவில் மார்க்கர் மையைப் பூசி அரத்தால் இரண்டு முறை அராவிப் பாருங்கள். மை சீராக அழியாவிட்டால் உங்கள் கோணம் தவறு.

கேள்வி: பட்டறையில் கிரைண்டர் இருக்கும்போது அரத்தோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

பதில்: ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் இக்கேள்வி வந்துவிடுகிறது; கிரைண்டர் வேண்டாம் என்பதே என்றைக்கும் என் பதில். பல்லின் விளிம்பு மிக மெல்லியது என்பதால், சுழலும் கல் பட்ட சில நொடிகளில் அது சூடேறி, முதலில் வைக்கோல் மஞ்சளாகவும் பின்னர் நீலமாகவும் நிறம் மாறும். நீலம் பூத்துவிட்டால் வெப்பம் ஏறத்தாழ 300 டிகிரியைத் தொட்டுவிட்டது, எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துத் தீட்டியதாகச் சிலர் சமாதானம் சொல்கிறார்கள். தோய்ப்பதற்கு முன்பே விளிம்பு வெந்துபோயிருக்கும். நண்பர் ஒருவர் இப்படித் தீட்டித் தந்த திருகை, ஒரு கையால் கோடரியைப் பிடித்துத் தொங்கியபடி மறுகையால் அழுத்தித் திருகியபோது, அது பனிக்கட்டியைக் கடிக்காமல் வழுக்கிக்கொண்டே சுற்றியது. கீழே இறங்கி வந்து பார்த்தால், நான்கு பற்களின் நுனியும் நீலம் பாரித்து வெளிப்பக்கமாக மடங்கியிருந்தன.

கேள்வி: தீட்டிய பின் நன்றாகக் கடிக்கிறது, ஆனால் பாதியில் இறுகிவிடுகிறது. ஏன்?

பதில்: பல்லின் வெளிப்பக்கத்தை அராவியிருக்கிறீர்கள். குழாயைவிட மயிரிழை அகலமாகத் துளை விழுந்தால்தான் திருகு இலகுவாக இறங்கும். அராவிய உலோகம் திரும்பி வராது. அந்தத் திருகை ஓய்வுக்கு அனுப்புங்கள். மை பூசிப் பார்த்திருந்தால் இது நேர்ந்திருக்காது.

கேள்வி: அலுமினியக் குழாய்த் திருகைத் தீட்டலாமா?

பதில்: முனை எஃகாக இருந்தால் தீட்டலாம்; அரம் அந்த எஃகைத் தாண்டக் கூடாது.

கேள்வி: வைஸில் இறுக்கலாமா?

பதில்: இரும்புத் தாடையில் நேரடியாக இறுக்கினால் குழாய் நசுங்கும், நடுவில் பள்ளம் வெட்டிய இரண்டு மரத்துண்டுகளுக்கு இடையே வைத்து மிதமாக இறுக்குங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காமல் எப்படி வைப்பது?

பதில்: உள்ளும் புறமும் நன்கு உலர்த்தி, மெல்லிய எண்ணெய் பூசி, அதன்பின் மூடியைப் போடுங்கள்.