இலவச க்ரீமும் கூலிதான்

கேள்வி: இன்ஸ்டாகிராமில் என்னைப் பின்தொடர்பவர்கள் 3,000 பேர்தான். நான் வாங்கிப் பூசும் முகக் க்ரீமின் நிறுவனம், 'புது க்ரீமை இலவசமாக அனுப்புகிறோம், ஒரு ரீல்ஸ் போடுங்கள்' என்று கேட்கிறது. காசு எதுவும் தரவில்லை. அப்படியும் 'விளம்பரம்' என்று சொல்ல வேண்டுமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்லியே ஆக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமல்ல. இலவசப் பொருள், தள்ளுபடி, பரிசு, பயணம், ஓட்டல் தங்கல் எதைப் பெற்றிருந்தாலும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நிபந்தனை இல்லாமல் தந்த பொருளுக்கும் இதே விதிதான். இத்தனை பேருக்கும் குறைவானவர்கள் பின்தொடர்ந்தால் விலக்கு என்ற பேச்சே அதில் இல்லை.

நிறுவனங்கள் உங்களைப் போன்ற சிறு கணக்குகளைத் தேடி வருவதற்குக் காரணம் உண்டு. நடிகை சொன்னால் விளம்பரம் என்று எல்லோருக்கும் தெரியும். நீங்கள் சொன்னால் உங்கள் சித்தியும் உடன் படித்தவர்களும் அதைச் சொந்த அனுபவம் என்றே எடுத்துக்கொள்வார்கள். அந்த நம்பிக்கையைத்தான் ஒரு க்ரீம் டப்பாவுக்குக் கேட்கிறார்கள்.

எப்படிச் சொல்வது? தமிழில் பேசும் ரீல்ஸுக்குத் தமிழிலேயே 'விளம்பரம்' என்று போடுங்கள். ஹேஷ்டேக் கூட்டத்துக்குள் ஒளிக்கக் கூடாது. வீடியோ மேலேயே எழுத்து தெரிய வேண்டும், வாயாலும் சொல்ல வேண்டும். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021 ஜூனில் நடைமுறைக்குக் கொண்டுவந்த கணக்கு இது: 15 விநாடிக்குள் முடியும் வீடியோவில் எழுத்து குறைந்தது 3 விநாடி நிற்க வேண்டும். 2 நிமிடம் வரை என்றால் மூன்றில் ஒரு பங்கு நேரம். 90 விநாடி ரீல்ஸில் 30 விநாடி. 2 நிமிடத்துக்கு மேல் நீண்டால், பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. இன்ஸ்டாகிராமிலேயே இருக்கும் 'பெய்ட் பார்ட்னர்ஷிப்' லேபிளையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள்.

பலர் சறுக்குவது ஃபில்டரில். க்ரீம் பூசிய முகத்தை ஃபில்டர் போட்டுப் பளபளப்பாக்கிக் காட்டினால் அது பொய்யான வாக்குறுதி. பூசிப் பார்க்காமலே 'ஏழே நாளில் கரும்புள்ளி மறைந்தது' என்று அவர்கள் எழுதித் தந்ததை வாசிப்பதும் அப்படியே. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சொன்னதை முன்கூட்டியே சரிபார்த்திருந்தால்தான் தப்பிக்க முடியும். ஆகவே உண்மையில் பயன்படுத்துங்கள், பிடிக்காததையும் சொல்லுங்கள்.

ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு விஷயங்களை மெயிலில் எழுதி வாங்குங்கள். குறை சொன்னால் வீடியோவை நீக்கச் சொல்வார்களா? உங்கள் முகத்தை அவர்கள் விளம்பரத்தில் எத்தனை மாதம் ஓட்டுவார்கள்?

கேள்வி: 'பிராண்ட் அம்பாசடராகத் தேர்வாகிவிட்டீர்கள், கூரியர் செலவுக்கு 499 ரூபாய் அனுப்புங்கள்' என்று செய்தி வந்தது. அனுப்பலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். விளம்பரம் செய்பவரிடமே காசு கேட்கும் இடத்தில் நம்புவதற்கு எதுவும் இல்லை. நீல டிக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாதச் சந்தா கட்டினாலே அது கிடைக்கிறது. பொருளின் அட்டையில் அச்சிட்டிருக்கும் வாடிக்கையாளர் எண்ணில் கூப்பிட்டுக் கேளுங்கள். செய்தி அனுப்பியவர்கள் தரும் லிங்க்கில் இன்ஸ்டா பாஸ்வேர்டைப் போட்டால் கணக்கே கைமாறிவிடும். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி: ரிவ்யூவுக்காக 40,000 ரூபாய் மொபைல் தருகிறார்கள். வரி உண்டா?
– வாசகர், ஓசூர்

பதில்: உண்டு. ஒரே நிறுவனம் ஓராண்டில் தரும் பொருள்களின் மதிப்பு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வருமான வரி. 2022 ஜூலை 1 முதல் இப்படி. மொபைலில் இருந்து 10 சதவீதத்தை வெட்டி எடுக்க முடியாதே! அதனால் அந்த 4,000 ரூபாயை நீங்கள் கட்டிய ரசீதைக் கேட்பார்கள், அல்லது தாங்களே கட்டுவார்கள். யார் கட்டுவது என்று முதலிலேயே பேசிவிடுங்கள். ரிவ்யூ முடித்து மொபைலைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இந்த டிடிஎஸ் இல்லை. திருப்பிய கூரியர் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.