கன உலோகம் கலந்த நிலத்தில் பயிர்: வாசகர் கேள்விகள்

மண்ணில் காட்மியம் என்ற கன உலோகம் அதிகம் என்று பரிசோதனையில் வந்துவிட்டது. அதை எடுத்துவிட முடியுமா?

எளிதில் முடியாது. பூச்சிமருந்து மாதிரி நாளாக ஆக சிதைந்துபோகும் பொருளல்ல அது. பயிருக்குள் ஏறாமல் தடுப்பதுதான் நம் கையில் இருக்கிறது. முதலில் மண்ணின் பி.எச். அளவைப் பாருங்கள்; எண் குறையக் குறைய மண் அமிலமானது என்று பொருள். அமில மண்ணில் காட்மியம் கரைந்து வேருக்குப் போய்விடும். சுண்ணாம்பு இட்டு 6.5-க்கு மேல் கொண்டுவந்தால் பெரும்பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு இடுவது என்பது மண்ணுக்கு மண் மாறும், பரிசோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். மண் மெல்ல மெல்லப் பழையபடி அமிலமாகும் என்பதால், ஒருமுறை இட்டதோடு விட்டுவிடாதீர்கள். துத்தநாகக் குறை இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். காட்மியமும் துத்தநாகமும் வேருக்குள் நுழைய ஒரே வாசலுக்குத்தான் போட்டி போடுகின்றன.

நெல் வயலில் தண்ணீர் கட்டி வைத்தால் போதும் என்கிறார்களே?

எந்த உலோகத்துக்கு? அதைக் கேட்காமல் மடையைத் திறக்காதீர்கள். நீர் தேங்கிய வயலில் காற்று புகாது. அப்போது காட்மியம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடும், நல்லதுதான். ஆனால் அதே நிலையில் இரும்புத் துகள்களில் ஒட்டியிருந்த ஆர்சனிக் விடுபட்டு நெல்லுக்குள் ஏறும். ஆர்சனிக் உள்ள வயலுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்தான், அதாவது வயலைக் காயவிட்டு மறுபடி நீர் பாய்ச்சுவதுதான், பொருத்தம். இரண்டும் இருந்தால் சிக்கல்தான். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். அங்கே சிலிக்கான் சத்து கைகொடுக்கும். நெல்லின் வேர் ஆர்சனிக்கையும் சிலிக்கான் போகும் வழியிலேயே உள்ளே விடுகிறது. சிலிக்கான் தாராளமாகக் கிடைத்தால் ஆர்சனிக்குக்கு இடம் குறையும்.

ஈயம் உள்ள தோட்டத்தில் கீரை போடலாமா?

வேண்டாம். கேரட், முள்ளங்கியும் வேண்டாம். ஈயம் செடிக்குள் அதிகம் ஏறுவதில்லை. இலையிலும் கிழங்கிலும் ஒட்டும் மண்தான் பெரிய ஆபத்து. தக்காளி, கத்தரி, பீன்ஸ் மாதிரி காய்ப்பயிர்கள் மேல். அவற்றையும் நன்றாகக் கழுவுங்கள்.

காட்மியம் உள்ள நிலத்தில் கத்தரி?

சுண்டை வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய கத்தரி நடுங்கள். சுண்டையின் வேர் காட்மியத்தை மேலே அதிகம் அனுப்பாது, காயில் சேர்வது நன்றாகவே குறையும். எனக்கு மிகவும் பிடித்த வழி இது.

உலோகத்தை உறிஞ்சும் செடிகளை வளர்த்து நிலத்தைச் சுத்தம் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் பல வருட வேலை. அறுத்த செடியை உரக்குழியில் போடாதீர்கள், கொளுத்தவும் கூடாது. எடுத்த உலோகம் அப்படியே நிலத்துக்குத் திரும்பிவிடும்.