வாசகர் கேள்வி, ஆசிரியர் பதில்: காபூலின் பத்திரிகைக்காரர்

சென்ற இதழில், நூறாண்டுகளுக்கு முன்பு பத்திரிகையையே போர்க்களமாகக் கொண்டவர்களைப் பற்றிப் பதில் எழுதியபோது, நம் எட்டயபுரத்துப் பாரதியாரோடு சேர்த்து ஆப்கானியரான மஹ்மூத் தர்ஸியின் பெயரையும் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரியைப் பற்றிக்கொண்டு நெல்லைச் சீமையின் பல ஊர்களிலிருந்து கடிதங்கள் வந்துள்ளன. ஆகவே இம்முறை பக்கம் முழுவதையும் அவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: யார் இந்த தர்ஸி? பாரதியாரோடு சேர்த்துச் சொல்லும் அளவுக்கு அவர் என்ன செய்தார், ஐயா? (பாளையங்கோட்டை வாசகர்)

பதில்: 1865-இல் கஜினியில் பிறந்தவர். தந்தை குலாம் முகம்மது தர்ஸி பெயர்பெற்ற கவிஞர். ஆளும் பாரக்ஸாய் குலத்தைச் சேர்ந்தவர். இரும்புக்கரம் கொண்டு ஆண்ட அமீர் அப்துர் ரஹ்மானின் சினத்துக்கு ஆளாகி, 1880-களின் தொடக்கத்தில் குடும்பத்தோடு நாடு கடத்தப்பட்டார். கராச்சி, பாக்தாத் வழியாக அவர்கள் டமாஸ்கஸ் நகரில் குடியேறினார்கள். துருக்கிப் பேரரசின் அந்த நகரத்தில்தான் இளைஞர் மஹ்மூத் துருக்கி மொழியைக் கற்றார், செய்தித்தாள் படிக்கும் பழக்கத்தைப் பெற்றார், உமய்யாத் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைப்பு விடுக்கும் முஅத்தினின் மகளான அஸ்மா ரஸ்மியாவை மணந்தார். பின்னர் இஸ்தான்புல் சென்று, கீழ்த்திசை முஸ்லிம் நாடுகளெங்கும் விடுதலை எண்ணத்தை விதைத்த ஜமாலுத்தீன் ஆப்கானியைச் சந்தித்துப் பாடம் கேட்டார். 1901-இல் அப்துர் ரஹ்மான் இறந்து மகன் ஹபீபுல்லா பட்டத்துக்கு வந்த பிறகே தாயகம் திரும்ப வழி பிறந்தது.

1911 அக்டோபரில் காபூலில் அவர் தொடங்கிய ‘சிராஜுல் அக்பார்’ என்ற பாரசீக மொழி மாதமிருமுறை இதழ் 1918 வரை வெளிவந்தது. 1906-இல் அங்கே பத்திரிகை நடத்த எடுத்த முயற்சி ஒரே இதழோடு நின்றுபோயிருந்தது. முதலில் கல்லச்சிலும் பின்னர் எழுத்துக் கோத்தும் அச்சிடப்பட்ட அந்தத் தாளில், துருக்கி, அரபு, உருது, ஆங்கில ஏடுகளிலிருந்து திரட்டிய உலகச் செய்திகள் ஒருபுறம் இருக்க, மறுபுறம் கல்வி, நாட்டுப்பற்று, அறிவியல் பற்றிய தலையங்கங்களும் படங்களும் இருக்கும். ரயிலும் மோட்டாரும் மின்சாரமும் வந்துவிட்ட காலத்தில் ஒட்டக நடை இனி உதவாது என்று கவிதையிலேயே பாடியவர் அவர். ரஷ்யாவை ஜப்பான் வென்ற போரின் வரலாற்றைத் துருக்கியிலிருந்து பல தொகுதிகளாக மொழிபெயர்த்தார். ஆசிய நாடொன்று ஐரோப்பிய வல்லரசைத் தோற்கடித்த அந்த 1905-ஆம் ஆண்டுச் செய்தி, நம் பாரதியாருக்கு எவ்வளவு ஊக்கம் தந்ததோ அவ்வளவு ஊக்கத்தைக் காபூலுக்கும் தந்தது. ஒரே காற்று இரண்டு ஊர்களிலும் வீசியது என்பதனால்தான் இருவரையும் சேர்த்துச் சொன்னேன்.

கேள்வி: ஆப்கானிஸ்தானை வெள்ளையர் ஆண்டதே இல்லை என்கிறார்கள். அப்படியிருக்க அவர் எந்த விடுதலையைக் கேட்டார்? (செங்கோட்டை வாசகர்)

பதில்: உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. திருவிதாங்கூர் மகாராஜா தம் நாட்டுக்குள் வரி வாங்கலாம், சட்டம் செய்யலாம். ஆனால் அயல்நாட்டோடு தாமாக ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ள முடியாது. ஆப்கானிஸ்தானின் நிலையும் அந்த ஒரு விஷயத்தில் ஏறத்தாழ இதுவே. 1879-இல் கந்தமக் என்ற இடத்தில் கையெழுத்தான உடன்படிக்கையின்படி அந்நாட்டின் வெளியுறவு பிரிட்டிஷ் இந்திய அரசின் கைக்குப் போயிற்று. அதற்கு ஈடாக அமீருக்கு ஆண்டுதோறும் மானியம் வந்தது. திருவிதாங்கூரில் இருந்ததுபோல வெள்ளைக்கார ரெசிடெண்ட் 1880-க்குப் பிறகு காபூலில் இல்லை. இந்திய முஸ்லிம் ஒருவரே பிரிட்டிஷ் பிரதிநிதியாக அங்கே இருந்தார். உள்நாட்டில் எவர் தலையீடும் இல்லாததால், தாங்கள் கட்டுண்டிருக்கிறோம் என்பதே பெரும்பாலோருக்கு உறைக்கவில்லை. அதை உறைக்கச் செய்ததே தர்ஸியின் முதன்மையான பணி என்று நான் கருதுகிறேன். தாயகத்தை நேசிப்பது மார்க்கத்துக்கு விரோதமன்று, அதன் ஒரு பகுதியே என்றும், தன் வாயால் பேச முடியாத அரசு முழு அரசாகாது என்றும் அவர் இதழுக்கு இதழ் எழுதினார். முதல் உலகப் போரின்போது அந்த எழுத்தின் சூடு தாங்காமல் பிரிட்டிஷ் இந்திய அரசு அமீரிடம் முறையிட்டது.

1919 பிப்ரவரியில் ஹபீபுல்லா கொலையுண்டார். பட்டத்துக்கு வந்த அமானுல்லா, தர்ஸியின் மகள் சுரய்யாவின் கணவர். அவரது சிந்தனையில் வளர்ந்தவரும்கூட. மாமனாரையே வெளியுறவு அமைச்சராக்கினார். மே மாதம் போர் மூண்டது. பிரிட்டிஷ் விமானம் காபூல் மீது குண்டு வீசியது. ஆகஸ்ட் 8-ஆம் தேதி ராவல்பிண்டியில் சமாதானம் ஏற்பட்டது. அத்தோடு வேலை முடிந்துவிடவில்லை. 1920-இல் முசௌரியில் பிரிட்டிஷ் தூதுக்குழுத் தலைவர் சர் ஹென்றி டாப்ஸுக்கு எதிரே மாதக்கணக்கில் அமர்ந்து தர்ஸி வாதாடினார், உடன்பாடு கிட்டவில்லை. அடுத்த ஆண்டு அதே டாப்ஸ் காபூலுக்கே வர வேண்டியிருந்தது. 1921 நவம்பர் 22-ஆம் தேதி கையெழுத்தான ஒப்பந்தத்தில், உள்விவகாரத்திலும் வெளிவிவகாரத்திலும் ஆப்கானிஸ்தான் சுதந்திர நாடு என்பதை பிரிட்டன் ஏற்றது. மானியம் நின்றுபோனது. அந்த இழப்பை அறிந்தே ஏற்றுக்கொண்டார்கள்.

கேள்வி: அவருடைய எழுத்தில் கதைகளும் உண்டா? (அம்பாசமுத்திரம், பள்ளி மாணவி)

பதில்: உண்டு, அம்மா. பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்னின் நாவல்களைத் துருக்கி வழியாகப் பாரசீகத்துக்குக் கொண்டுவந்தார். எண்பது நாளில் உலகைச் சுற்றும் கதையும் கடலடியில் கப்பல் ஓடும் கதையும் அவற்றுள் அடங்கும். ரயிலே பார்த்திராத வாசகர்களுக்கு அறிவியலை ஊட்ட அவர் கண்ட வழி அது. 1918-இல் சிறுவர்களுக்கென்றே ஓர் இணைப்பிதழையும் வெளியிட்டார்.

கேள்வி: இன்றைய ஆப்கானிஸ்தானில் பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போக முடியவில்லை. அந்தக் காலத்தில் தர்ஸி குடும்பம் பெண்களுக்கு ஏதேனும் செய்ததா? (கடையம், ஓய்வுபெற்ற ஆசிரியை)

பதில்: செய்தது. அவருடைய மனைவி அஸ்மா ரஸ்மியா 1921-இல் பெண்களுக்கான வார இதழொன்றை நடத்தினார். ஆப்கானிஸ்தானின் முதல் பெண்கள் இதழ் அதுவே. அதே ஆண்டில் காபூலில் பெண்களுக்குப் பள்ளி திறக்கப்பட்டது. அரசி சுரய்யாவும் தாயாரும் முன்னின்று அதை வளர்த்தார்கள். நூறாண்டு கழிந்து அங்குள்ள சிறுமிகள் ஆறாம் வகுப்போடு வீட்டுக்கு அனுப்பப்படுவதைப் படிக்கும்போது, உங்களைப் போலவே எனக்கும் நெஞ்சு கனக்கிறது.

ஆனால் 1928-இல் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பிய அமானுல்லா, உடையிலும் முக்காட்டிலும் அவசரமாகக் கைவைத்தார். அந்த அவசரம் தர்ஸிக்கு உடன்பாடாக இல்லை. கலகம் வெடித்தது, 1929-இல் அரசர் முடிதுறந்தார். தர்ஸி ஈரான் வழியாக இஸ்தான்புல் சென்று, 1933 நவம்பரில் அங்கேயே காலமானார்.

கேள்வி: அமீரின் அனுமதியோடு நடந்த பத்திரிகை, பிறகு அரசரின் மாமனார் என்ற பதவி. இவரை அரண்மனைக்காரர் என்று சொன்னால் தவறா? (மேலப்பாளையம் வாசகர்)

பதில்: கேட்கவேண்டிய கேள்வி இது. 1909-இல் அரசியல் சட்டம் கேட்ட இயக்கத்தை ஹபீபுல்லா நசுக்கினார். பலர் கொல்லப்பட்டார்கள், பலர் சிறைப்பட்டார்கள். அந்த இரத்தம் உலர்ந்து இரண்டாண்டு ஆனபின் அதே அமீரின் ஆதரவில் தர்ஸி இதழ் தொடங்கினார். அமீரைப் புகழும் வரிகள் அதில் ஏராளம். பாரதியாருக்கு இருந்ததுபோலப் புதுச்சேரிக்குப் போய் எழுதும் வசதி அவருக்கு இருக்கவில்லை என்பதையும் நாம் நினைக்க வேண்டும். காபூலை விட்டு வெளியேறியிருந்தால் வாசகரையே விட்டுவிட்டதாக ஆகியிருக்கும்.

அதைவிடக் கனமான குறை ஒன்று எனக்குத் தென்படுகிறது. பாரசீகத்தில் எழுதிக்கொண்டே பஷ்தூ மொழியைத்தான் தேசிய மொழியாக அவர் உயர்த்திப் பிடித்தார். தாஜிக்கியர், ஹஸாராக்கள், உஸ்பெக்கியர் ஆகியோருக்கு அந்தத் தேசியத்தில் எந்த இடம் என்பதை அவர் போதிய அளவு சிந்திக்கவில்லை. அந்த விரிசல் பின்வந்த தலைமுறைகளில் பெரிதாயிற்று.

இருந்தும் வெறும் அரண்மனைக்காரர் என்பதை நான் ஏற்க மாட்டேன். அவருடைய இதழில் எழுதிப் பயின்ற அப்துல் ஹாதி தாவி, அப்துர் ரஹ்மான் லோதின் என்ற இரு இளைஞர்களும் 1918-இல் அமீர் மீது நடந்த கொலை முயற்சி தொடர்பாகச் சிறையில் தள்ளப்பட்டார்கள். அரண்மனைப் புகழுரை மட்டுமே அச்சிடும் ஏட்டின் அலுவலகத்திலிருந்து அத்தகையோர் உருவாக மாட்டார்கள். அமானுல்லா ஆட்சியில் விடுதலையாகி, தாவி லண்டனில் ஆப்கானியத் தூதராகப் பணியாற்றினார். லோதினை 1930-இல், பின்னர் அரியணை ஏறிய நாதிர் ஷாவின் அரசு கொன்றது.